பிளாக் என்றால் மரக்கட்டை

இன்று கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது வழியில் பஸ் நின்றுவிட்டது.

"கீழ வளைவுல மரம் விழுந்து கெடக்குங்க. ரோடு பிளாக்" என்றார் கண்டக்டர்.

சும்மா இருக்க முடியாமல் போனில் தேடினேன். பிளாக் என்பதற்கு முதலில் மரக்கட்டை என்றுதான் அர்த்தமாம், அடைப்பு என்பதெல்லாம் பிறகு வந்ததாம். பெருமையாகப் பக்கத்து சீட்டு அக்காவிடம் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரருக்கும் நெஞ்சுல பிளாக்குன்னுட்டாங்க. மகன் ஆம்புலன்ஸ்ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போறான். மரம் விழுகுறதுக்கு முன்னாடியே தாண்டிருப்பாங்கல்லங்க?"

"தாண்டிருப்பாங்கக்கா."

சற்று நேரத்தில் கீழே வளைவிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் மேலே திரும்பி வந்தது. சைரன் இல்லை. அவசரமும் இல்லை. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அகராதி வைத்திருப்பவர்கள், நான் அவரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.