சிவப்புத் தரையில் மஞ்சள் பாதங்கள்

1993 சித்திரையில் எனக்கு அம்மை போட்டது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வாசலைத் தாண்டக்கூடாது. அதற்கு வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அணிக்கு மதுக்கரைக்காரர்களோடு பூப்பந்துப் போட்டி. படுத்தே கிடந்தால் கால் ஓடாதே என்று, மதியம் அம்மா கண்ணயரும்போதெல்லாம் கூடத்தில் விறுவிறுவென நடந்தேன். சுற்றுகளை டைரியில் குறித்தும் வைத்தேன்.

வியாழக்கிழமை, உள்ளங்காலில் பூசிய வேப்பிலை மஞ்சள் காயுமுன்பே நடந்துவிட்டேன். தரையெங்கும் மஞ்சள் பாதங்கள். மோர் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க்கா, ஓடியாங்க! ஆத்தா ஊட்டுக்குள்ள நடந்திருக்கறாங்க!"

எழுந்து வந்த அம்மா தரையைப் பார்த்தார். பிறகு போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த என் காலைப் பார்த்தார்.

"ஆமா அம்மணி. ஆத்தாளுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு வேணுமாட்ட இருக்குது."

பக்கத்து வீட்டம்மா அதற்கும் சேர்த்துக் கும்பிட்டு, தரையிலிருந்த பாதங்களுக்குக் குங்குமம் வைத்தார்.

"இத்தன சந்தோசமா நடக்கறவங்கள நாளைக்கே அனுப்பிப்போடலாமா? தண்ணி அடுத்த வெள்ளிக்கு ஊத்திக்கலாம்" என்றார் அம்மா.

குங்குமம் வைத்துவிட்ட பாதங்களை என்னுடையவை என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை டைரியில் இருப்பது இவ்வளவுதான்: "அணி தோற்றது. கூடத்தில் நாற்பது சுற்று, கால் கழுவிய பின்."