பின் இருக்கையில் பத்மாசனி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பெங்களூரிலிருந்து பத்மாசனியின் தம்பி மகள். "அத்தை போயிட்டாங்க அங்கிள். காபி கேட்டாங்க. கலந்து எடுத்துட்டு வரதுக்குள்ள போயிட்டாங்க" என்றாள். வாயில் நுரையோடு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. காக்க வைத்தால் பத்மாசனிக்குப் பிடிக்காது என்பது மட்டும்தான் அப்போது தோன்றியது.

பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அவரை எளிமையானவர், அமைதியானவர் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள், பத்மாசனியா அமைதி? ஒரு அளவு தப்பாக வந்துவிட்டால் அந்த மனுஷி யாரையும் சாப்பிடப் போக விட்டதில்லை. தானும் போனதில்லை.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. பெங்களூரில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு காற்றுச் சுரங்கம் இருந்தது. ஒரு முனையில் ராட்சத மரவிசிறி. நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. அந்த அறையில் விமானத்தின் சிறிய மர மாதிரியைப் பொருத்திவிட்டு விசிறியைச் சுழலவிடுவோம். விமானம் காற்றில் போவதற்குப் பதிலாகக் காற்று விமானத்தின் மேல் போகும். விசிறி கிளம்பியதும் வெளியே மரத்தில் இருக்கிற காக்கையெல்லாம் எழுந்து பறந்துவிடும். நாங்கள் இருபதுகளில் இருந்த சின்ன ஆட்கள். பத்மாசனி எங்களில் ஒருவர். முந்தானையை ஊசி குத்தி இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணாடி ஜன்னலில் மூக்கு படுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கம்பளி நூலை. இறக்கையின் மேல் துண்டு துண்டாகக் கம்பளி நூலை ஒட்டிவைப்போம். நூல் படிந்து கிடந்தால் காற்று இறக்கையைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். எழுந்து ஆடினால் காற்று விட்டுவிட்டது. ஒருமுறை மெல்லிய நூல் கேட்டுச் சரக்கறைக்கு எழுதினோம். கோணி தைக்கிற சணல் வந்து சேர்ந்தது. மறுநாள் பத்மாசனி ஒரு நீல ஸ்வெட்டரோடு வந்து, உட்கார்ந்து, அதன் ஒரு கையைப் பிரிக்க ஆரம்பித்தார். யாருடையது என்று கேட்டேன். தம்பியுடையதாம். அவனுக்கு என்ன சொல்வீர்கள் என்றேன். "பெங்களூர்ல முன்ன மாதிரி குளிர் இல்லன்னு சொல்லுவேன்" என்றார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். புதிதாகப் பறக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஒரு பயிற்சி விமானம் இங்கேயே உருவாகிக்கொண்டிருந்தது. முதல் விமானம் தயாராகி, நிதானமாகப் பறந்தும் பார்த்தாகிவிட்டது. ஒரு சோதனை மட்டும் பாக்கி. விமானம் வேகம் குறைந்து மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இறக்கை காற்றின் பிடியை இழக்கும். ஸ்டால் என்போம். நல்ல விமானம் அப்போது மூக்கைத் தாழ்த்தி நேராக இறங்கி மறுபடியும் வேகம் பிடிக்கும். பொல்லாத விமானத்தில் ஒரு இறக்கை மட்டும் சட்டென்று விழும். அப்படியே சுழன்று கீழே போகும். கற்றுக்கொள்ள வந்த பையனுக்கு அதிலிருந்து மீளத் தெரியாது. எங்கள் சுரங்கத்தில் அந்த விமானத்தின் மர மாதிரிக்கு வலது இறக்கை ஒவ்வொரு தடவையும் விழுந்தது. எப்படித் திருப்பி வைத்துப் பார்த்தாலும் விழுந்தது. இறக்கையையே மாற்றுவதென்றால் வேலை முழுவதும் முதலிலிருந்து. மாற்ற நேரமும் இல்லை, மனசும் இல்லை. திட்டத்தையே கைவிட்டுவிடலாம் என்ற பேச்சு மேலே நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. மாதிரி செய்கிற தச்சுக்கூடத்தில் முனுசாமி என்று ஸ்ரீராம்புரத்துக்காரர் ஒருவர் இருந்தார். விசிறி, காற்றின் விசையை அளக்கிற தராசு, ரம்பம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுத்தார். பூஜை முடிந்து விசிறியைப் போட்டபோது அந்த வலது இறக்கை விழவில்லை. மறுபடி போட்டோம், விழவில்லை. ஆளாளுக்குக் கைகொடுத்துக்கொண்டார்கள். எங்கள் மேலதிகாரி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எல்லாம் அவள் கிருபை என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

பத்மாசனி மட்டும் சிரிக்கவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு சுரங்கத்துக்குள் தவழ்ந்து போய் மாதிரியின் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். இறக்கையின் முன்விளிம்பில் வரிசையாகச் சந்தனப் பொட்டு. காய்ந்து மணல்போலச் சொரசொரப்பாக இருந்தது. பூஜைக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். தானாக உதிர வேண்டும். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் இத்தனை படித்த கூட்டத்தில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

ஈரத்துணி கேட்டார். முனுசாமி கையைப் பிசைந்தார். "அம்மா, பூஜ போட்ட பொட்டு. அழிக்கலாமா?"

"அழிச்சுட்டு நீங்களே உங்க கையால திரும்ப வெச்சுடுங்க. சாமி ஒண்ணும் நெனச்சுக்காது."

துடைத்தோம், இறக்கை விழுந்தது. வைத்தோம், விழவில்லை. மறுபடி துடைத்தோம், மறுபடி விழுந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பிரமிப்பை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அவ்வளவு பெரிய விசிறி, அவ்வளவு காற்று, அது ஒரு சந்தனப் பொட்டுக்குக் கட்டுப்பட்டது. அதைவிடப் பெரிய பிரமிப்பு, தன் கண்ணெதிரே வந்து விழுந்த நல்ல செய்தியை இந்தப் பெண் சந்தேகப்பட்டாளே என்பது.

பத்மாசனியின் விளக்கம் இது. மாதிரி சின்னது, வழவழப்பானது. அதன் மேல் போகிற காற்று ரொம்பச் சாதுவாகப் போய், சீக்கிரமே பிடியை விட்டுவிடுகிறது. நிஜ இறக்கை பெரியது. அதன் மேல் காற்று தானாகவே கலைந்து புரண்டு போகும், கலைந்த காற்று இறக்கையை எளிதில் விடாது. பொட்டு செய்ததும் அந்தக் கலைக்கிற வேலையைத்தான். வெளிநாடுகளில் மாதிரியின் மேல் மணல்துகள் ஒட்டிச் சோதிப்பதை அவர் படித்திருந்தார். ஆக, பொட்டு வைத்த மாதிரி சொல்வதுதான் நிஜ விமானத்துக்குப் பொருந்தும், இறக்கை விழாது என்றார்.

மேலதிகாரி நல்ல மனிதர். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். "சந்தனத்த நம்பி ஒரு பைலட்ட மேல அனுப்பச் சொல்றியாம்மா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பத்மாசனியின் கணக்கு தப்பென்றால் சாகப்போகிறவர் அந்த பைலட். குடகுக்காரர், கல்யாணமாகி வருடம்கூட ஆகவில்லை.

"என்னையும் சேத்து அனுப்புங்க" என்றார் பத்மாசனி.

விமானத்தின் பின் இருக்கையில் எடைக்காக மணல் மூட்டை கட்டி அனுப்புவது வழக்கம். நிஜ இறக்கையிலும் நூல் ஒட்டினால் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வரலாம். பைலட் முன்னால் பார்ப்பாரா, இறக்கையைப் பார்ப்பாரா என்பது பத்மாசனியின் வாதம். படம் பிடிக்கிற கேமரா வெளிநாட்டிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. மேலதிகாரி, மணல் மூட்டையே போகட்டும், பைலட் தனியாகப் பார்த்துக்கொள்வார் என்றார்.

"மணல் மூட்டைக்குக் கண்ணு இல்ல சார்."

மேலதிகாரி கடைசி முயற்சியாகப் பத்மாசனியின் அப்பாவைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார். மைசூர் அரசாங்கத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர், தன் மகள் இதுவரை எதற்கும் தன்னிடம் சம்மதம் கேட்டதில்லை என்றும், திடீரென்று இன்றைக்குத் தன்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்கழிப் பனி விலகிய ஒரு காலையில் கிளம்பினார்கள். மெக்கானிக் ஒருவரின் முழு உடுப்பை மாட்டி, முதுகில் பாராசூட்டோடு பத்மாசனி ஏறி உட்கார்ந்தார். நாங்கள் ஓடுபாதையின் ஓரத்தில் நின்றோம். விமானம் சுற்றிச் சுற்றி ஏறி, ஒரு புள்ளியாகப் போனது. பிறகு இன்ஜின் சத்தம் குறைந்தது. அநேகமாக நின்றே போய்விட்டது. என் பக்கத்தில் முனுசாமி மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மேலே அந்தப் புள்ளி மூக்கைத் தூக்கியது, தயங்கியது, பிறகு நேராக, இரண்டு இறக்கையும் சமமாக, தலைகுனிந்து இறங்கியது. முனுசாமி என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

மறுபடி ஏறினார்கள். மறுபடி. இடதுபுறம் திரும்பிக்கொண்டே ஒன்று, வலதுபுறம் ஒன்று. ஏன் இன்னும் இறங்கவில்லை என்று மேலதிகாரி தவித்தார். இறங்கிய பிறகு பைலட்தான் சொன்னார். போதும் என்று அவர் சொன்னபோதெல்லாம், இடது ஓரத்தில் ஒரு நூலைச் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை என்று பின்னாலிருந்து குரல் வந்ததாம். இந்த மாதிரி ஒரு ஆளைத் தான் யுத்தத்தில்கூடப் பார்த்ததில்லை என்றார்.

பத்மாசனி யாரோடும் பேசவில்லை. தரையில் உட்கார்ந்து, எந்த நூல் எப்போது எழுந்தது, எது கடைசிவரை படிந்து கிடந்தது என்று முழுவதும் வரைந்து முடித்தார். காகிதத்தை மேலதிகாரியிடம் கொடுத்தார். அதற்கப்புறம் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து, "பர்வாகில்ல, இப்ப சரியாப் போச்சு" என்று கன்னடம் கலந்து சொல்லி, காபி கேட்டார்.

அந்த விமானத்தில் கற்றுக்கொண்டவர்கள் பிறகு எங்கெங்கோ பறந்தார்கள். அவர்களுக்குப் பத்மாசனியைத் தெரியாது. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, அவருக்கு இருந்ததில்லை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், அன்றைக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். அதுவரை அதைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

"ரொம்பப் பயமாத்தான் இருந்தது" என்றார். "பயத்துல கண்ண மூடிட்டேன்னா, நூல் எழற எடத்தப் பாக்காம விட்டுடுவேனேன்னு பயம்."

வாழ்நாள் முழுக்க இறக்கையோடு குடும்பம் நடத்தியவன் நான். ஆனால் விமானத்தில் ஏறினால் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். என் மனைவி கேலி செய்யாத பயணம் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், பத்மாசனியைக் கடைசியாகப் பார்க்கச் சென்னையிலிருந்து விமானத்தில் போனேன். ஜன்னல் பக்கம், இறக்கைக்கு நேர் மேலே இடம். மேகத்தில் விமானம் தூக்கிப் போட்டது. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. சக்கரம் பெங்களூர் மண்ணைத் தொடும்வரை அந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.