இரண்டு விரல் தள்ளி

எங்கள் லேபில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது என் வேலை. பெயர் சடையப்பன், அட்டெண்டர். லேத் மெஷின், கம்ப்யூட்டர், கதவு நிலை என்று ஒன்றையும் விடமாட்டேன். வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அது தானாக உதிர வேண்டும். மீறித் துடைத்தவர்களை நான் சும்மா விட்டதில்லை. என் வாய் அப்படி. ஜான்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜான்சி 2004-இல் சிதம்பரத்தில் எங்கள் பொறியியல் கல்லூரிக்கு லேப் டெக்னீஷியனாக வந்தாள். கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண், மெக்கானிக்கல் டிப்ளமோ. தினமும் பஸ்ஸில் வந்து ஒன்பது மணிக்கு முன்பே அதிர்வு லேபைத் திறந்துவிடுவாள். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்பேனர் பிடிக்க வருமா என்று முதல் நாள் கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒரே மாதத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

லேபின் நடுவில் ஓர் இரும்பு உருளை நிற்கும். மெல்லிய தகட்டை வளைத்து, ஓரத்தை வெல்டிங் செய்தது. அகலம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. சின்னச் சுத்தியலால் தட்டினால் அதன் சுவர் ஓரிடத்தில் உள்ளே போகும், பக்கத்தில் வெளியே வரும், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் அசையாமல் நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சென்சாரை மெழுகு வைத்து ஒட்டினால்தான், அது அதிரும் ஒவ்வொரு வேகத்துக்கும் கம்ப்யூட்டர் கோட்டில் ஒரு முனை எழும்பும். டேங்க், பாய்லர், ராக்கெட் எல்லாமே இந்த உருளைதானாம். இவ்வளவும் எனக்கு ஜான்சி சொன்னது.

2006 ஆயுத பூஜை முடிந்த வாரம். துறைத் தலைவர் பழனிவேல் சார் ஒரு கணக்குப் போட்டிருந்தார். வெல்டிங் இருப்பதால் கோட்டில் ஓர் இடத்தில் இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டு முனைகள் ஒட்டி ஒட்டி எழும்ப வேண்டும். சென்சார் ஒட்ட வேண்டிய இடத்தையும் பூஜைக்கு முன்பே உருளையின் மேல் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருந்தார். ஜான்சி மூன்று நாள் தட்டினாள். ஒரே ஒரு முனைதான் வந்தது.

திங்கட்கிழமை இதைப் பார்க்கச் சென்னையிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். சாருக்குக் கோபம் தலைக்கேறியது.

"டிப்ளமோ கையில குடுத்தா இப்பிடித்தான். வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள ரெண்டாவது வரலன்னா, சாவிய குடுத்துட்டு ஸ்டோருக்குப் போயிடு."

ஸ்டோர் என்றால் ஆயுசுக்கும் நட்டு போல்ட் எடுத்துக் கொடுப்பதுதான். சாரைத் திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஜான்சி கண்ணால் அடக்கினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் சாப்பிடக்கூடப் போகவில்லை. சென்சாரைப் பிடுங்கி, ஒரு விரல் அகலம் வலது பக்கம் ஒட்டித் தட்டினாள். பழைய முனைக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொன்று எழும்பியது. இன்னும் அரை விரல் நகர்த்தினாள். அது வளர்ந்தது. அத்தோடு கையை எடுத்துவிட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? இன்னும் கொஞ்சம் தள்ளு!"

"அதுக்கு மேல பொட்டு இருக்குதுண்ணே."

பார்த்தேன். சாருடைய சிவப்புக் குறியின் நட்ட நடுவில் என் சந்தனமும் குங்குமமும் காய்ந்து உட்கார்ந்திருந்தன. அழகாகக் குறி போட்டிருக்கிறதே என்று அங்கேயே வைத்தவன் நான்தான்.

"நான் சர்ச்சுக்குப் போறவ. நான் தொடச்சா வேற மாதிரி பேசுவாங்க. அதான் ரெண்டு விரல் தள்ளி ஒட்டினேன். இவ்ளோ பெரிய உருளையில ரெண்டு விரல் என்ன பண்ணிடும்னு நெனச்சேன். ரெண்டாவது முனைக்கு அசையாத எடமே நான் ஒட்டின அந்த எடந்தாண்ணே, அங்க சென்சாருக்கு ஒண்ணும் தெரியாது."

யார் பேசுவார்கள் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. கழிவுத் துணியை நனைத்து என் கையாலேயே பொட்டைத் துடைத்தேன். அவள் குறியின் மேல் ஒட்டித் தட்டினாள். இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நின்றன.

சாரிடம் போனோம். பழியை என் மேல் போடுவாள், போடட்டும் என்றுதான் கூடவே போனேன். அவளோ நிமிர்ந்து நின்று, "சார், சென்சார ரெண்டு விரல் தள்ளி ஒட்டினேன். அத நோட்ல எழுதல. தப்பு என்னுது. உங்க கணக்கு சரி" என்றாள். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் விடவில்லை. "சார், குறி மேல பொட்டு வச்சவன் நான். தொடச்சா கத்துறவனும் நான்" என்று போட்டு உடைத்தேன்.

சார் அவள் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு, "திங்கக்கெழம அவுங்க முன்னாடி நீயே தட்டிக் காட்டும்மா" என்றார்.

காட்டினாள். சென்னை நிபுணர் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னாள். கதவோரம் நின்ற எனக்கு, பெற்ற மகள் மேடையேறியது போல நெஞ்சு நிமிர்ந்தது. சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. இந்த 2012-லும் அங்கேதான் இருக்கிறது.

மறுவருடம், 2007 ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு உருளையின் முன்னால் போய் நின்றேன். சிவப்புக் குறி பளிச்சென்று இருந்தது. கையை இழுத்துக்கொண்டு, "எங்கம்மா வைக்கிறது?" என்று கேட்டேன்.

"எங்க வேணா வைங்கண்ணே" என்றாள் ஜான்சி. "வேலைன்னு வந்தா நான் தொடச்சிக்கிறேன்."