இரண்டு ஏ-ஃபோட்டிகளும் நானும்

“அந்த ஐயா என்ன சொன்னவர், பிள்ளை?” யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா தொலைபேசியில் கேட்கும் இந்தக் கேள்விக்கு இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐயா என்று அவர் குறிப்பிடுவது, இத்தாலியின் பலெர்மோவில் நான் வீட்டுவேலை செய்யும் எசமானி, சிஞ்ஞோராவின் கணவரை. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எல்லோருக்கும் அவர் தொத்தோரே, அதாவது டொக்டர். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் அவரிடம் கேட்கவே இல்லை.

அவர்களுடைய கராஜில் ஒரு கார் போர்வைக்குள் கிடக்கிறது. ஞாயிறுகளில் தொத்தோரே போர்வையை நீக்கி, துடைத்து, மொண்டெல்லோக் கடற்கரைவரை போய்வந்து மறுபடியும் போர்த்திவிடுவார். கார் ஒன்றை மூடிவைப்பதற்காகவே வைத்திருப்பது வந்த புதிதில் எனக்கு விநோதமாக இருந்தது. ஒருநாள் கராஜைக் கூட்டும்போது போர்வை விலகியிருந்தது. கையில் விளக்குமாறோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒஸ்ரின் ஏ-ஃபோட்டி. எங்களூரில் பலர் வைத்திருந்த, முதுகு உருண்ட பழைய ஏ-ஃபோட்டி அல்ல. அதற்குப் பிறகு வந்த, பின்புறத்தைக் கத்தியால் வெட்டியதுபோன்ற, இரண்டே கதவுள்ள பெட்டிக் கார். பின்கண்ணாடி மேலே திறக்கும், அதன் கீழ்க்கதவு கீழே மடியும். என் அப்பாவின் காரும் இதேதான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் முதன்முறையாக என்னை உட்காரச் சொன்னார்கள்.

தொத்தோரே அந்தக் காரின் கதையைச் சொன்னார். ஐம்பதுகளின் கடைசியில், ஒரு குடும்பமும் அதன் மூட்டை முடிச்சுகளும் ஏறக்கூடிய சின்னக் கார் ஒன்று ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்டதாம். எஞ்சின் அவர்களிடம் இருந்தது, உடலை மட்டும் தூரினில் இருந்த இத்தாலியரிடம் வரைவித்தார்கள். பிறகு மிலானோவிலும் அதே காரைச் செய்தார்கள். அறுபதுகளோடு அது நின்றுபோனது. இன்றைய சின்னக் கார்கள் பின்பக்கத்தால் திறப்பதெல்லாம் இதைப் பார்த்துப் பழகியதுதான் என்றார். பிறகு, “உன் அப்பாவும் பழைய கார்கள் சேகரிப்பவரா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஓமும் இல்லாத, இல்லையும் இல்லாத எங்களுடைய தலையாட்டல். அதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அப்பா தன்னுடைய காரில் ஹயர் ஓடுகிறார், வாடகைக்கு. இரண்டு கதவுக் காரைக் கலியாண வீட்டுக்கு யாரும் பிடிக்கமாட்டார்கள். கத்தரிக்காய் மூட்டை, சந்தைக்குப் போகும் பெண்கள், சிலவேளை ஆடு. பெற்றோல் வராத போர்க்காலத்தில், சின்னப் போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அதிலேயே என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோவார். “மூக்கைப் பொத்துங்கோடி, மண்ணெண்ணெய் மகாராணி வாறா” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். எத்தனை தரம் தோய்த்தாலும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் மணம் போகாது. படித்துவிட்டால் போய்விடும் என்று நினைத்துத்தான் அவ்வளவு படித்தேன் போலும்.

தொத்தோரே அப்பாவுடன் கதைக்க ஆசைப்பட்டார். ஒரு சனிக்கிழமை கராஜில் நின்று வீடியோவில் அழைத்தோம். பள்ளிக்கூடம் இல்லாததால் என் ஏழு வயது மகள் ஆரணியும் கூடவே நின்றாள்.

“உவர் ஏன் காருக்குப் போர்வை போத்தி வைச்சிருக்கிறார்? குளிர்க் காய்ச்சலோ?” என்று அப்பா சிரித்தார்.

நீங்கள் அழகாகப் பராமரிப்பதாக அப்பா சொல்கிறார் என்று தொத்தோரேயிடம் இத்தாலியனில் சொன்னேன்.

“இந்த அழகை வரைந்தது இத்தாலியர் என்று சொல். ஆங்கிலேயர் மோட்டாரை மட்டும்தான் வைத்தார்கள்” என்றார் தொத்தோரே.

“என்னவாம்?”

“திறமான இங்கிலீஷ் காராம் அப்பா.”

“பின்னை என்ன! வெள்ளைக்காரன்ரை இரும்பெல்லோ!”

உங்கள் அப்பாவிடம் எத்தனை கார்கள் என்று தொத்தோரே கேட்டார். இப்போது இது ஒன்றுதான் என்றேன். அந்த ‘இப்போது’ என் வாயில் எங்கிருந்து வந்தது?

பிறகு அப்பா போனைக் காரின் பின்பக்கம் கொண்டுபோனார். பின்கண்ணாடியைச் சுற்றி சைக்கிள் ரியூப்பை வெட்டித் திணித்திருந்தார். “மழை பெய்தால் தண்ணி முழுக்க உள்ளுக்கைதான். சனம் நனையுதெண்டு வேறை காருக்குப் போகுதுகள். இந்த றப்பர் அங்கை எடுக்கேலுமோ எண்டு ஐயாவைக் கேள் பிள்ளை. இது கிடைச்சால் இன்னும் கொஞ்சக்காலம் ஓடுவன்.”

தொத்தோரே ஆவலோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்த தட்டில் உதிரிப்பாகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. “அப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்றேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன்.

நகரத்தின் சீசா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது ஆரணி கேட்டாள்: “அம்மா, அம்மப்பா றப்பரெல்லோ கேட்டவர். நீங்கள் ஏன் சொல்லேல்லை? வெர்கோஞ்ஞாவோ?” வெட்கத்துக்கு அவளிடம் இத்தாலியச் சொல்தான் இருக்கிறது. “சும்மா வா” என்று அதட்டினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நம்பினேன். நாளைக்குக் கேட்போம், அடுத்த கிழமை கேட்போம் என்று நானும் கடத்திக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பள்ளிக்கூட வாசலில் அவளுடைய ஆசிரியை என்னை நிறுத்தினார். அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே ஆரணி வகுப்பில் அம்மப்பாவின் காரைப் படமாகக் கீறியிருக்கிறாள். “உங்கள் அப்பா வீடியோவில் வந்து பிள்ளைகளுக்குக் காரைக் காட்டட்டுமே, நீங்கள் மொழிபெயர்க்கலாம்” என்றார். நான் வாய் திறக்குமுன், “நொன்னோ அந்தக் காரை விற்றுவிட்டார்” என்றாள் ஆரணி, அம்மப்பாவை நொன்னோவாக்கி, கண்ணிமைக்காமல், பிசகில்லாத பலெர்மோ இத்தாலியனில். ஆசிரியை ஐயோ பாவமே என்பதுபோல அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை என் கையில் இருந்தது. என்னை அண்ணாந்து பார்த்துத் தமிழில் மெதுவாகச் சொன்னாள்: “இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம் அம்மா. பயப்பிடாதேங்கோ.”

என் பிள்ளை என் கையை விட்டுவிட்டு, ஆசிரியையின் கையைப் பிடித்தபடி உள்ளே போனாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

வாசிக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னால், என்னைக் காப்பாற்ற வந்த பிள்ளையைப் பொய்க்காரியாக்கிவிடுவேன். சொல்லாமல் விட்டால், அவள் செய்தது சரி என்று நானே படிப்பித்ததாகிவிடும். தொத்தோரேயிடம் இப்போது போய்க் கேட்டால், இத்தனை நாளும் ஏன் மறைத்தாய் என்பாரே. அப்பாவுக்கு என்ன சொல்வேன்? யாரிடமிருந்து தொடங்குவது, அதைக் குழந்தையின் முன்னால் சொல்லவேண்டுமா, அவள் இல்லாதபோதா? இப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.