மார்கழிக்கு முன்னால் காய்ச்சிய பால்

கல்யாணமாகி அமெரிக்கா வந்த ஆறு வருஷத்தில் ஐந்து அபார்ட்மென்ட் மாறினோம். என் கணவர் வேலை போகிற ஊருக்கெல்லாம் நானும் போனேன். சொந்தமாக ஒரு சமையலறை வேண்டும் என்பதைத் தவிர நான் எதுவும் கேட்டதில்லை.

மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய கல் வீடு அமைந்தது. இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டில் தோட்டக்காரராக இருந்த ஒருவர், இங்கே வந்து, அதே சாயலில் சின்னதாகக் கட்டியது. அவர் மகன் சுற்றியிருந்த நிலத்தை விற்றுத் தீர்த்தான். பேத்தி மட்டும் மிச்சம். புருஷன் போனபிறகு தனியாக இருந்தாள், வயது எண்பது. எங்களுக்கு விற்க ஒத்துக்கொண்டு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்திரம் முடிகிற தேதி மார்கழியில் விழுந்தது. மார்கழியில் புது வீடு புகுவதா என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கார்த்திகை கடைசி முகூர்த்தத்தில் பால் மட்டும் காய்ச்சிவிடுவோம் என்றேன். வீடு காலிதானே என்று ஏஜென்ட் சாவி கொடுத்தார்.

விடிந்ததும் போனோம். வெளியே பனி. சாமி படத்தை மேடையில் வைத்தேன், அடுப்பை மூட்டினேன். பால் பொங்கி வழிந்தது. புகை அலாரம் அலறியது.

மாடியிலிருந்து வீட்டுக்காரக் கிழவி இறங்கி வந்தாள். கம்பளிக் கோட்டு, வெறும் கால். மகள் வீட்டில் தூக்கம் வராமல் இரண்டு நாள் முன்பே திரும்பியிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது.

என் கணவர் ஸாரி, ஸாரி என்றார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஒரு டம்ளரில் பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நின்றபடியே குடித்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். என்ன என்று அவரிடம் கேட்டேன்.

"புருஷன் போனப்புறம் இந்த அடுப்ப யாருமே பத்த வைக்கலயாம்," என்றார்.

நாலாம் நாள் ஏஜென்ட் போன் செய்தார். கிழவி விற்கவில்லையாம். அந்த அடுப்பு எரிவதைப் பார்த்தபிறகு விட மனசு வரவில்லையாம், அங்கேயே இருக்கப்போகிறாளாம்.

என் கணவர் போனை வைத்துவிட்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார்.

"உன் கார்த்திகையால வீடே போச்சு. ஒரு வாரம் பொறுத்திருந்தா நம்ம கையில இருந்திருக்கும்."

தப்பு என்னுடையது.

ஒப்பந்தம் இருக்கிறது, லாயரை வைத்துப் பிடித்துவிடலாம் என்றார். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் சொன்னேன்.

"வேணாம், விடுங்க. தூக்கம் வராம திரும்பி வந்தவ. அவள வெளிய தள்ளிட்டு நான் அங்க எப்படிப் படுக்கறது?"

"உனக்குத்தானே வேணும்னு சொன்ன?"

"வேணும்தான்."

அவர் லாயரைக் கூப்பிடவில்லை. தை பிறந்ததும் எடிசனில் ஆறாவது அபார்ட்மென்ட். இரண்டாம் மாடி. பெட்டிகளில் பாதியைப் பிரிக்காமலே விட்டேன்.