புத்தூர்க் குடையும் பச்சைக் காளானும்

எங்கள் ஊரான நகரி ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா என்று பெரியவர்கள் வழக்காடிக்கொண்டிருந்த ஐப்பசியில் எனக்கு வேறு வழக்கு. கைலாசகோனா அருவிக் காட்டில் ஒரு ராத்திரி காளான் பச்சையாக ஒளிவிடுவதைப் பார்த்தேன் என்று சொன்னேன். பள்ளியில் ஒருவனும் நம்பவில்லை. வாத்தியார் நாற்காலியில் நாயுருவி வைத்தவன் பேச்சை யார் நம்புவார்கள்? அபூர்வமாகச் சொன்ன ஓர் உண்மை வீணாகக் கூடாதென்று, மாமன் மகன் கோபுவைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினேன். திருவள்ளூரிலிருந்து வந்து என் வகுப்பில் சேர்ந்தவன். பொய் சொல்லத் தெரியாது, தெலுங்கும் அரைகுறை.

காலை ரயிலில் புத்தூர். அங்கிருந்து எட்டு மைல் போல ஜட்கா வண்டி. வண்டிக்காரர் மேகத்தைப் பார்த்து, "வான படிதே புட்டகொடுகு!" என்றார். மழை பெய்தால் காளான் என்று பொருள். கோபுவுக்குத் தெரிந்ததோ, வான என்றால் மழை, கொடுகு என்றால் குடை. ‘புட்ட’ என்பதைப் புத்தூர் என்று எடுத்துக்கொண்டான்.

"இன்னாடா, மழ வந்தா புத்தூர் கொடைதான் வேணுமா? வேற ஊர் கொடை ஆவாதா?"

"ஆவாது மச்சான். மத்ததெல்லாம் ஒழுவும்," என்றேன், முகம் மாறாமல்.

ஓடிப்போய், தெரிந்தவர் கடையில் பெரிய கறுப்புக் குடை ஒன்றை இரவல் வாங்கி வந்தான். வழியெல்லாம் ஒரு தூறல்கூட இல்லை.

அருவிச் சாரல் ஓயாமல் படும் நிழலில் பட்டை உரிந்து மக்கிய மரம் கிடந்தது. இந்தக் காளானுக்கு அதுதான் வீடு, அதுதான் சோறு. ஈரம் காய்ந்தால் ஒளியும் போய்விடும். பகலில் பார்த்தால் வெறும் வெள்ளைப் பொத்தான்கள்.

"இதான் உன் பச்ச வெளிச்சமா? மறுபடியும் புளுவிட்டியே!"

வண்டிக்காரரோ இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று நின்றார். அப்போதுதான் குடை கண்ணில் பட்டது. மரத்தின் மேல் அதைக் கவிழ்த்து, வண்டியிலிருந்த கோணிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, இருவரும் தலையை நுழைத்தோம். முதலில் கோபுவின் வேர்வை நாற்றம்தான். கண் பழகப் பழக, பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மரத்தின் வெடிப்புகூட மெல்ல ஒளிர்ந்தது. சூடில்லை, புகையில்லை.

"டேய்... நெசமாவே பச்சையா கீதுடா!"

இதைப் பார்க்கப் போகிறவர்கள் நல்ல மழை விட்ட மறுநாள் போங்கள். காளானைப் பிய்க்காதீர்கள், வாயில் போடாதீர்கள். கோணி கொண்டுபோங்கள், குடை கட்டாயம்.

மறுநாள் கோபு வகுப்பில் எழுந்து, பகலிலேயே பச்சை வெளிச்சம் பார்த்ததாகச் சத்தியம் செய்தான்.

"பகல்ல எப்டிடா தெரிஞ்சிது?"

"கொடைக்குள்ள. ஆனா புத்தூர் கொடையா இருக்கணும்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இப்போது நாங்கள் இரண்டு புளுகர்கள். ஒற்றைப் புளுகனாக இருந்ததற்கு இது எவ்வளவோ தேவலை.