ஊருணியில் பரவிய எண்ணெய்

இங்கே ஈப்போவில், எஞ்சின் கொதித்துப்போன காரை யாராவது தள்ளிக்கொண்டு வந்தால், பட்டறை முதலாளியான சீனர் "ஆயர், ஆயர்" என்று கத்துவார். மலாயில் தண்ணீருக்கு அதுதான் பெயர். நானோ விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். தண்ணீரை மிச்சம்பிடிக்கிற கஞ்சன் என்று நினைத்துச் சிரிப்பார். குழாயைத் திறந்துவிட்டுக் கால் கழுவுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

அருப்புக்கோட்டைப் பக்கத்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை விளக்க வேண்டாம். யுத்தம் முடிந்தபிறகு மழை பொய்த்த வருஷம். என் அண்ணன் சவரிமுத்து டிரைவர், நான் கிளீனர். பருத்தி லோடோடு தூத்துக்குடிக்குப் போகும்போது, பந்தல்குடி தாண்டி, அம்மா பிறந்த ஊர் வாசலில் லாரி கொதித்து நின்றது.

"தண்ணி பத்தலலே. ஊருணில மோந்துட்டு வாரேன்" என்று அண்ணன் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஊருக்கு மிச்சமிருந்த குடிதண்ணீரே அதுதான். எங்கள் தாய்மாமன்தான் காவல். அண்ணன் முறை தெரியாதவன் இல்லை. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டுத்தான் இறங்கினான். டின் எஞ்சின் எண்ணெய் வாங்கிய டின் என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

அதற்குள் நான் பெல்ட்டைத் தொட்டேன். தொளதொளவென்று கிடந்தது. விசிறியும் தண்ணீர் பம்பும் சரியாகச் சுற்றாமல்தான் எஞ்சின் கொதித்திருக்கிறது.

"அண்ணே, தண்ணி வேணாம், பெல்ட்டுதான்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஊருணியில் எண்ணெய்ப் படலம் பலநிறமாகப் பரவிக்கொண்டிருந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் மாமாவைப் பார்த்தார்கள்.

"மாமா, தெரியாம..."

அண்ணன் முடிக்குமுன் காவல் கம்பு அவன் மண்டையில் இறங்கியது. "பச்சப்பிள்ளைகளுக்கு இனி எதைலே ஊத்துவாக?" என்று கேட்டுக்கேட்டு அடித்தார் மாமா. விழுந்தவனை ஊரே மிதித்தது. மேலே விழுந்து மறைத்த எனக்கு விலா எலும்பு முறிந்தது. பொழுது சாயுமுன் அண்ணன் செத்துப்போனான். முறுக்கிவிட்டால் சரியாகிற ஒரு பெல்ட்டுக்காக.

மாமா ஜெயிலுக்குப் போனார். சாட்சி சொன்ன என்னோடு அம்மா பேசவில்லை. அம்மாவுக்குத் தம்பியும் போய், மகனும் போயாயிற்று. நான் கப்பல் ஏறினேன்.

இங்குள்ள தமிழர்கள் ஊரைச் சொல்லி உருகினால் எழுந்து போய்விடுவேன். மாமா வெளியே வந்தால் கொல்ல வேண்டும் என்று இன்றைக்கும் கை துடிக்கிறது. ஆனாலும் அந்தக் கரையில் வெறுங்குடத்தோடு, வீட்டில் தாகத்தோடு பிள்ளைகளை விட்டுவந்து நிற்பவனாக என்னை நினைத்துப் பார்க்கிறேன். எண்ணெய் பரவுகிறது. டின்னோடு நிற்பவன் யாரென்று நான் பார்த்திருக்க மாட்டேன். முதல் அடி என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.